தேரை இழுக்கும் பூதம்

இந்த மாயக்கதையை எழுதியவர் கண்ணில் உழைப்பவன் படுவதே இல்லை.

இளவரசனின் பறக்கும் தேரை ஒரு பூதம் சங்கிலியில் கட்டுண்டு இழுக்கிறது. புத்தகம் முழுக்க அதற்கு ஒரு வாய்ச் சோறு கிடையாது. ஆனாலும் தேர் கடலைத் தாண்டும் இடத்தில் எனக்குச் சிலிர்த்தது. இன்று ரயில் என்ஜின் ஷெட்டில் சாப்பாட்டு வேளையில் உரக்க வாசித்தேன். வேலைக்குச் சங்கு ஊதியும் புத்தகத்தை மூட மனமில்லை.

என்ஜினில் கரி அள்ளிப்போடும் முருகேசண்ணன் கேட்டார்: "பூதத்தை அவுத்து விட்டானா?"

"முதல் பாகம் முடிஞ்சுபோச்சுண்ணே."

"நக்கோ, வேணாம் தம்பி. பாதியில விடாதே."

லீவு கேட்டதற்காக அவரை நாளை காஜிப்பேட்டை ஷெட்டுக்கு மாற்றுகிறார்கள்.

நம் படிப்பக அலமாரியில் இரண்டாம் பாகம் இல்லை. எடுத்துப்போனவர் இன்றே கொண்டுவந்து வையுங்கள். முடியாவிட்டால், சுவரில் ஒட்டிய இந்தக் காகிதத்தின் அடியிலாவது எழுதுங்கள்: பூதத்தை விட்டார்களா, இல்லையா?