கராஜில் பிடித்த துரு

மல்வேர்னில் இருக்கும் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் கார் நின்றதில்லை. இடதுபக்கச் சுவரோரம் என்னுடைய மரவேலை மேசை, மேசைவாள், மரம் இழைக்கும் சீவுளிகள் நான்கு. வலதுபக்கச் சுவரோரம் மனைவியின் காஸ் அடுப்பு. வீட்டுக்குள் மீன் பொரித்தால் கதவடியில் கொழுவியிருக்கும் குளிர்கோட்டுகள் எல்லாம் அந்த மணத்தைப் பஸ்ஸுக்கும் வேலைக்கும் கொண்டுபோய்விடும். அதனால் எங்கள் தெருவில் பல தமிழ் வீடுகளில் கராஜுக்குள் இப்படி ஓர் அடுப்பு உண்டு.

எங்கள் அடுப்பைக் கூடுதலாகப் பாவிப்பவர் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கும் அண்ணை. மட்டக்களப்புக்காரர். எழுபதை நெருங்குகிறார். மனைவி இறந்துவிட்டார், மகள் அடுத்த ஊரான விட்பியில் குடும்பத்தோடு இருக்கிறாள். ஞாயிறு காலையில் அவர் மீன் பொரித்தால் எங்களுக்கும் ஒரு தட்டு வரும். நான் அதைச் சாப்பிட்டிருக்கிறேன். அதையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்பவன். வீட்டிலும் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். கராஜின் வெப்பநிலை காலையிலும் மாலையிலும், ஹீற்றர் எத்தனை மணி நேரம் எரிந்தது, என்ன வேலை நடந்தது என்று கோடு போட்டு எழுதுவேன். போன நவம்பர் தொடக்கத்தில் ஒரு புரொப்பேன் ஹீற்றர் வாங்கினேன். கூரையில் பூட்டும் மின்சார ஹீற்றருக்குப் புதிய வயர் இழுக்க வேண்டும். அதற்கு ஆள் தேடி, நாள் குறித்து, மார்கழி வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். காபன் மொனொக்சைட் அலாரம் பூட்டினேன். யன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைக்க ஓர் ஆப்பு சீவி வைத்தேன். ஹீற்றரோடு வந்த கையேட்டை வரி வரியாக வாசித்து, வாசித்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சரி அடையாளம் போட்டேன்.

வெளிச்சம் பிறகுதான். பழைய குழல் விளக்குகள் குளிரில் எரிய மறுத்தன. எரிந்தாலும் துடித்தன, இரைந்தன. மூன்று கிழமை யோசித்து எல்ஈடி விளக்குகள் ஆறு தெரிவு செய்தேன். நாலாயிரம் கெல்வின், மஞ்சளும் இல்லை, ஆஸ்பத்திரி நீலமும் இல்லை. மேசைக்கு நேர் மேலே மாட்டினால் என் தலையின் நிழலே வேலையில் விழும் என்பதால் இரண்டு வரிசையாக, மேசையின் முன்னும் பின்னுமாகப் பூட்டினேன். சாய்வாக ஒளி அடிக்க ஒரு கிளாம்ப் விளக்கும் வாங்கினேன்.

"என்னப்பா, ஆருக்கு ஒப்பரேசன்?" என்றாள் மனைவி, கதவடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

அந்த வெளிச்சம் எனக்கு முதலில் காட்டியது துருவை. மேசைவாளின் இரும்பு மேடையில் தேயிலைத்தூள் தூவியதுபோலப் புள்ளிகள். சீவுளிகளின் அடிப்பக்கத்திலும் அதே. இது பழைய துரு, வெளிச்சம்தான் புதிது என்று நினைத்தேன். அப்படியானால் பல காலமாகக் கராஜுக்குள் நடக்கும் ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும். நான் திரும்பி அடுப்பைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு அண்ணை மீனும் இரும்புத் தாச்சியுமாக வந்தபோது சொன்னேன்.

"அண்ணை, கொஞ்ச நாளைக்கு இஞ்ச சமைக்க வேண்டாம்."

"ஏன் தம்பி, மணக்குதோ?"

"மணமில்லை. உந்த நீராவியில என்ர சாமானெல்லாம் துருப்பிடிக்குது."

அவர் தாச்சியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "மீன் பொரிச்சு இரும்பு உக்குமெண்டால் இது எப்பவோ ஓட்டையாப் போயிருக்கும்," என்றார். சிரித்தபடிதான் சொன்னார். மீனைத் திரும்பக் கீழே கொண்டுபோனார். அதன் பிறகு பொரியல் மணமே இல்லை.

எல்லாவற்றையும் துடைத்து மினுக்கினேன். இரண்டு கிழமையில் துரு திரும்ப வந்தது.

அவர் ஒளித்துச் சமைக்கிறார் என்று முடிவு செய்தேன். கராஜின் பக்கக் கதவுப் பூட்டின் திறப்பு ஒன்று அவரிடமும் இருந்தது. பனி அள்ளும் சவள் உள்ளேதான் இருக்கிறது. நான் வேலைக்குப் போன பிறகு முழுப் பகலும் அவருடையது. அடுப்பின் திருகியிலிருந்து உடம்புவரை பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்தேன். திருகினால் கோடு விலகும். சனிக்கிழமைதோறும் அடுப்பின் சிலிண்டரைத் தராசில் வைத்து நிறுத்தேன்.

"அது நான் ஏறி நிக்கிற தராசெல்லோ," என்றாள் மனைவி.

"அளவு சரியாக் காட்டுது."

"எனக்கு ஒருநாளும் சரியாக் காட்டினதில்லை."

கோடு விலகவில்லை. சிலிண்டரின் நிறையும் மாறவில்லை. ஒழுங்கான ஆள் சந்தேகத்தை அந்த இடத்தோடு விட்டிருப்பான். நானோ, அவர் சொந்தமாக ஒரு சின்ன அடுப்புக் கொண்டுவருகிறார் என்று எழுதினேன். கொப்பியில் அவருக்கென்று ஒரு நிரல் போட்டேன். எத்தனை மணிக்குப் பக்கக் கதவால் போனார், கையில் என்ன பை, சப்பாத்தில் பனி இருந்ததா. சனி ஞாயிறுகளில் நான் கண்டதை எழுதினேன். மற்ற நாட்களில் பனியில் கிடந்த அடித்தடம் காட்டியதை.

தை மாதத்தில் அண்ணைக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதினேன். பேஸ்மென்ற் எங்கள் சொந்தப் பாவனைக்குத் தேவைப்படுகிறது, வேறு இடம் பார்க்கவும். மனைவி அதை நின்றபடியே வாசித்தாள்.

"சொந்தப் பாவனையோ? எதுக்கு? உங்கட சீவுளியளைப் படுக்க வைக்கவோ?"

"எழுத ஒரு காரணம் வேணும்."

"அந்த மனுசன் எங்க போறது? மகள் வீட்டில நிமிர இடமில்லை. விட்பியில கார் இல்லாமல் ஒரு றாத்தல் பாண் வாங்கவும் ஏலாது. இஞ்ச பஸ் ஏறிக் கோயிலுக்கும் டொக்டரிட்டயும் தானாப் போய் வாறார். உந்தத் துருவுக்காக அதை நிப்பாட்டப் போறியள்."

மகளுக்குக் காய்ச்சல், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று அந்த வாரமே அண்ணை பத்து நாளைக்கு விட்பிக்குப் போனார். எனக்கு அது வசதியாக இருந்தது. ஒரு சீவுளியை மினுக்கி, எண்ணெய் பூசாமல் மேசையில் வைத்தேன். அவர் இல்லாத பத்து நாளும் அது மினுங்கிக்கொண்டு கிடந்தால் கடிதம் கொடுப்பதற்கு ஆதாரம் கிடைத்துவிடும். யாரும் திறந்தால் தெரியும்படி பக்கக் கதவின் இடுக்கில் பசை ரேப் ஒட்டினேன்.

ஏழாம் நாள் சீவுளியில் தேயிலைத்தூள்.

ரேப் ஒட்டியபடியே இருந்தது. நான் வீட்டுக்குள் போய் மனைவியிடம் கேட்டேன்: "நீர் கராஜுக்குள்ள அடுப்பு மூட்டினீரோ?"

அவள் கழுவிய கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்கும் கடிதம் எழுதப் போறியளோ?"

கராஜுக்குத் திரும்பினேன். கொப்பியை முதல் பக்கத்திலிருந்து எடுத்தேன். துரு கண்ட நாட்களைச் சிவப்பால் வட்டமிட்டேன். அண்ணையின் நிரலோடு அவை பொருந்தவில்லை. ஹீற்றர் நிரலோடு பொருந்தின. மார்கழியில் எனக்குச் சளித் தடிமன் பிடித்து, துடைத்து வைத்த இரும்பைத் தொடாமல் படுத்திருந்த கிழமையில் ஹீற்றர் எரியவில்லை. எழும்பி வந்து பார்த்தபோது துருவும் இல்லை. "இரும்பு சுத்தம்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

ஹீற்றரை மூட்டினேன். கிளாம்ப் விளக்கை மேசைவாளின் மேடையோடு படுக்கவைத்து ஒளியைச் சாய்த்தேன். காத்திருந்தேன். அரை மணி நேரம் ஆகவில்லை, குளிர்ந்த இரும்பின்மேல் கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரு பூச்சு. விரலால் இழுத்தேன், கோடு விழுந்தது. மேலிருந்து அடிக்கும் ஆறு விளக்கிலும் அது தெரிந்ததே இல்லை. புரொப்பேன் எரிந்தால் தன் எடையைவிடக் கூடுதலான தண்ணீரைக் காற்றில் விடுகிறது. இரண்டு விரல் யன்னல் அதற்குப் போதாது. கையேட்டைத் தேடி எடுத்தேன். ஏழாம் பக்கத்தில் ஒரு வரி, ஈரப்பதம் கூடும் என்று. பக்கத்தில் என் பென்சில் சரி அடையாளம்.

கடிதத்தைக் கிழித்தேன். அண்ணை வந்த அன்று பின்னேரம் அவரைக் கராஜுக்குள் கூப்பிட்டு, விளக்கைச் சாய்த்து, அந்தப் பூச்சைக் காட்டினேன்.

"பிழை என்ர ஹீற்றரில, அண்ணை. நான் உங்களைச் சந்தேகப்பட்டிட்டன்."

"தெரியும் தம்பி. அடுப்பில கீறின கோட்டை அண்டைக்கே கண்டனான். அது அழிஞ்சு போயிடுமெண்டு அடுப்பைத் துடைக்கவுமில்லை."

கொப்பி மேசையில் திறந்தபடி கிடந்தது. மூட நினைத்தேன், நேரம் போதவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன்னுடைய நிரலை மேலிருந்து கீழே வாசித்தார். பக்கத்தைப் புரட்டி அடுத்ததையும் வாசித்தார்.

"என்னை இவ்வளவு ஒருத்தரும் கவனிச்சதில்லை," என்றார். "என்ர மகளும் இல்லை."

கொப்பியை மூடினேன். பிறகு கேட்டேன், "நீங்கள் இஞ்ச இருப்பியள்தானே?"

"மகள் வரச்சொல்லிக் கேட்டவள். ஹோலில படுக்கலாமாம்." கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். "இருக்கிறன். அந்த நிரலை மட்டும் நிப்பாட்டுங்கோ."

நிறுத்திவிட்டேன். பழைய பக்கங்களைக் கிழிக்கவில்லை. மாசியில் ஆள் வந்து வயர் இழுத்தான்; இப்போது கூரையில் மின்சார ஹீற்றர், இரும்பில் துரு இல்லை. பென்சில் கோட்டை நானே ஈரத்துணியால் துடைத்தேன்.

போன ஞாயிறு அண்ணை மீன் பொரித்தார். தட்டும் வந்தது. ஆனால் அவர் தன் திறப்பைப் பாவிப்பதில்லை. பக்கக் கதவைத் தட்டுகிறார். திறந்துதான் இருக்கிறது, வாங்கோ அண்ணை, என்று உள்ளிருந்து சொல்கிறேன். நான் போய்த் திறக்கும்வரை தாச்சியோடு பனியில் நிற்கிறார்.