மடக்கிக் காட்டச் சொன்ன விரல்

நேற்று தக்கலையில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் மடியில் ஒரு கட்டு ரப்பர் ஷீட். புகையும் புளிப்புமான அந்த நாற்றத்துக்கு ஆளாளுக்கு மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு வந்தது எரிச்சல். ஷீட் மேல் அல்ல, பல வருஷத்துக்கு முன்னால் ஸ்டெல்லா அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த கூட்டத்தின் மேல்.

அப்போது பிசியோதெரபி படித்துவிட்டு ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்டால் சொன்னபடி கேட்பார்கள் என்று நம்பிய வயது. சிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டெல்லா அக்கா ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவள். வழுக்கி விழுந்ததில் கத்தி பட்டு, வலது கை ஆள்காட்டி விரலை மடக்கும் தசைநாண் அறுந்துவிட்டது; ஆபரேஷன் செய்து தைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் தோலுக்கு உள்ளே இருப்பதெல்லாம் நரம்புதான். திருத்தித் திருத்தி எனக்குத்தான் வாய் வலித்தது.

தைத்த நாண் பொல்லாதது. அசைக்காமல் வைத்தால் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். சொந்த பலத்தில் மடக்கினால் தையல் விட்டுவிடும். மற்றக் கையால் மெல்ல மடக்கி மெல்ல விடவேண்டும். அந்தச் சின்ன இழுப்பில்தான் புதிதாக வளரும் நார்கள் இழுக்கும் திசையில் வரிசைப்பட்டு உறுதியாகும். அதுவரை பொறுக்கவேண்டும். அந்த விரல் இல்லாமல் அவளால் கத்தி பிடிக்க முடியாது.

“அக்கா, இப்பம் உறைஞ்ச பாலைப் புடிச்சு இழுத்தா என்னாவும்?”

“பிஞ்சு கையோட வரும்.”

“ரோலர்ல போட்டு ஷீட்டாக்கி, புகையில காய்ஞ்ச பிறகு?”

“ஆளைக் கெட்டித் தூக்கலாம்.”

“உனக்க விரலுக்குள்ள இருக்கது இப்பம் உறைஞ்ச பாலாக்கும்.”

அவளுக்குப் புரிந்தது. ஊருக்கு அல்லவா புரியவேண்டும்! ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் ரொட்டியும் ஹார்லிக்ஸுமாகப் படையெடுத்தார்கள். நோயாளியைக் கண்ணால் பார்த்தால் மட்டும் எங்கள் ஆட்களுக்குப் போதாது, சோதித்துப் பார்க்கவேண்டும். காய்ச்சல்காரனின் கழுத்தைத் தொடுவார்கள், கால் ஒடிந்தவனை நடக்கச் சொல்வார்கள். இவளிடம், “ஒண்ணு மடக்கு மக்களே, காணட்டு.”

“டாக்டர் மடக்காண்டாம்னு சொல்லியிருக்காரு.”

“நாங்க என்ன வேத்தாளா?”

‘விரலை மடக்கச் சொல்லாதீர்கள்’ என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். அதைச் சத்தமாக வாசித்துவிட்டு உள்ளே போய் மடக்கச் சொன்னார்கள்.

இரண்டாவது வாரம், மார்த்தாண்டத்திலிருந்து வெயிலில் பஸ் மாறி வந்த, அண்ணி முறையாகும் மைனி ஒருத்தி அதையே கேட்டாள். அத்தனை தூரம் வந்தவளிடம் எப்படி மாட்டேன் என்பது? அக்கா மடக்கினாள். “கொள்ளாமே!” என்று மெச்சினாளாம் மைனி. அதற்குள் உள்ளே ‘பட்’டென்று ஒரு தெறிப்பு. விரல் தானாக நிமிர்ந்துவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

மறுபடி தைத்தார்கள். இந்த முறை நாண் சதையோடு ஒட்டிக்கொண்டது. நான் எவ்வளவோ முயன்றும் விரல் மடங்கவில்லை. அவள் பால் வெட்டிக்கொண்டிருந்த மரங்களை முதலாளி வேறு ஆளுக்குக் கொடுத்தார்.

சில மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். இடது கையால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

“மைனிமாரெல்லாம் வாறாவளா அக்கா?”

“எங்க வர? என்னைக் கண்டா ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறிப் போறாவ.”