ஸ்டெப்னியில் காற்று இல்லை

திருவிடந்தையிலிருந்து நாவலூர் ஆபீசுக்கு தினமும் காரில் போய்வருகிறவள் நான். போன மழைக்காலத்தில் என் அக்கா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒரு மத்தியானம் மாமா போன் செய்தார்.

“உன்னத்தாம்மா கேட்டுகினே கீறா. சீக்கிரம் வந்துடு.”

உடனே கிளம்பினேன். திருப்போரூர் தாண்டியதும் பின் டயர் பஞ்சர். அந்த வழியாக வந்த லோடு ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்தார். ஜாக்கியை இறக்கியதும் அதுவும் சப்பையாக அமுங்கிவிட்டது.

“இன்னாம்மா, இதுல சுத்தமா காத்தே இல்லியே!”

கார் வாங்கியதிலிருந்து அதை நான் தொட்டதே இல்லை. நான் அழுவதைப் பார்த்து, அவரே தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

வார்டுக்குள் நுழைந்தபோது அக்காவின் முகத்தை மூடியிருந்தார்கள். “இப்பதாம்மா... கதவயே பாத்துகினு இருந்தா” என்றார் மாமா. அவள் கை இன்னும் சூடாக இருந்தது. என்னிடம் என்ன சொல்ல நினைத்தாள் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

இப்போதெல்லாம் பெட்ரோல் பங்கில் நாலு டயருக்கும் காற்று அடித்ததும், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக்கும் அடிக்கச் சொல்கிறேன். நீங்களும் சொல்லுங்கள். ரெண்டு நிமிஷம்கூட ஆவதில்லை.