பார்க்காமல் எடுத்த படம்

எனக்குக் கடை கிடையாது. ஒரு கேமரா, ஒரு பை, ஒரு மொபெட், அவ்வளவுதான். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் எங்கள் ஊர். கல்யாணம், வளைகாப்பு, இன்சூரன்ஸுக்காக மாட்டைப் படம் எடுப்பது என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். அரபு நாட்டுக்கு ஆட்கள் நிறையப் போக ஆரம்பித்த பிறகு பாஸ்போர்ட் படம்தான் எனக்குச் சோறு போட்டது. எட்டாவதோடு நின்ற எனக்கு முருகன் கொடுத்த தொழில் இது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த கையோடு அரிசிக்கடை பாய் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் மகன் சவூதியில் இருந்தார். கல்யாணமான இருபதாம் நாள் போனவர். நாலு வருஷம் கழித்து இப்போதுதான் மனைவியை அழைத்துக்கொள்ளப் பேப்பர் அனுப்பியிருந்தார். அதைக் கொண்டுபோகிற ஏஜென்ட் அன்று சாயங்காலம் அஞ்சரை பஸ்ஸில் மெட்ராஸ் புறப்படுகிறார். திங்கட்கிழமை கடைசி நாள். விட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாய்?"

"பழைய படம் ஒண்ணு கொடுத்தேன். காது தெரியலைன்னு ஏஜென்ட் இப்பதான் திருப்பி அனுப்புறான்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. மருமக வேத்து ஆம்பளை முன்னாடி முக்காட்டை எடுக்க மாட்டா. எடுன்னு நானும் சொல்ல மாட்டேன். நாளைக்கு ஆபீஸ்ல பத்துப் பேரு படத்தைப் பார்ப்பான், அது எனக்குத் தெரியும். ஆனா தினம் என் கடை வாசல்ல போற ஒருத்தர் பார்த்தார்னு இருக்கக் கூடாது."

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த என் மனைவி, "நான் எடுக்கிறேன் பாய்" என்றாள். "பொத்தானை அமுக்கறதுதானே! இவரு என்னமோ ராக்கெட் விடற மாதிரி பண்ணுவாரு."

பாய் யோசித்தார். "சரி தங்கச்சி. ஆனா ஒரு தடவைதான் உக்காருவா."

பாய் வீட்டு உள்ளறையில், மருமகள் வருவதற்கு முன்னாலேயே எல்லாம் செய்து வைத்தேன். சுவரில் வெள்ளை வேட்டி. ஜன்னலோரம் நாற்காலி. கேமராவில் ஒரு நூலைக் கட்டி, நாலு அடியில் முடிச்சுப் போட்டேன். லென்ஸில் தூரத்துக்கென்று ஒரு வளையம் உண்டு, அதையும் நாலு அடிக்குத் திருப்பி வைத்தேன். "முடிச்சு அந்தப் பொண்ணு மூக்கு நுனியைத் தொடணும். தொட்டதும் நூலை விட்டுட்டு, அசையாம அமுக்கு. வளையத்துல மட்டும் கையை வைக்காதே" என்று மூன்று தடவை சொன்னேன்.

என் மனைவியும் பாய் சம்சாரமும் மருமகளோடு உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டார்கள். கூடத்தில் நானும் பாயும். எட்டுத் தடவை கேமரா சத்தம் கேட்டது. உள்ளே பெண்கள் சிரித்தார்கள். பாயும் லேசாகச் சிரித்தார். மணி ரெண்டே முக்கால்.

மனைவி கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிப் பார்த்தேன். வளையம் நாலடியில் இல்லை. கடைசி வரைக்கும் திரும்பியிருந்தது.

"கை வெச்சியா?"

"சத்தியமா இல்லைங்க." அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "முதல் தடவை எடுக்கப் போறேனே, நல்லா வரணும்னு கண்ணுல ஒத்திக்கிட்டேன். அப்பத் திரும்பிடுச்சோ?"

"பார்க்கும்போது மங்கலா தெரியலையா?"

"தெரிஞ்சுது. கேமராவுல அப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன்."

புதுச் சாமானைக் கையில் எடுத்தால் கண்ணில் ஒத்திக்கொள்ளும் ஜாதி நாங்கள். நானும் தினம் அந்தக் கேமராவை அப்படித்தான் கும்பிட்டு எடுப்பேன். அவளை எப்படித் திட்டுவது?

பேசாமல் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. அந்தப் பெண்ணின் நாலு வருஷம் நினைப்பில் வந்தது. முருகா என்று சொல்லிக்கொண்டு பாயிடம் நடந்ததைச் சொன்னேன்.

அவர் எழுந்துவிட்டார். "ஒரு தடவைன்னுதானே பேசினோம்? வெளையாட்டா இது? உங்களை நம்பி வீட்டுக்குள்ள விட்டேன் பாருங்க!"

"தப்பு எங்களுதுதான் பாய். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. அதுவரை அவள் குரலையே நான் கேட்டதில்லை. "மாமா. இன்னொரு தடவை உக்காந்துடறேன் மாமா." அழுகிற குரல்.

பாய் உட்கார்ந்தார். நான் வளையத்தைத் திருப்பி வைத்து, அது நகராமல் இருக்க, புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி வாங்கி அதன் மேல் மூன்று சுற்றுச் சுற்றினேன். மறுபடி எட்டுத் தடவை சத்தம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது பாய் கேட்டார். "படத்தைக் கழுவுறது யாரு?"

அதை நான் யோசிக்கவே இல்லை. "இவதான்" என்று வாய் சொல்லிவிட்டது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். காய்ந்த படங்களைக் கத்தரியால் வெட்டுவதைத் தவிர அவளுக்கு அந்த வேலை எதுவும் தெரியாது.

எங்கள் வீட்டில் குளியலறைதான் இருட்டறை. ஃபிலிமை டப்பாவுக்குள் போட்டுக் கழுவுவது வரை நான் செய்தேன். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் கையில் கொடுத்து, கதவைச் சாத்தி, வெளியே நின்று ஒவ்வொரு வேலையாகச் சொல்லிக்கொடுத்தேன். தாளில் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழ வேண்டும் என்று பார்க்க இருட்டறையில் கடிகாரம் கிடையாது. சரவணபவ என்று ஆறு தடவை சொல்வேன், அதுதான் கணக்கு. அவளையும் அப்படியே சொல்லச் சொன்னேன்.

"வெளிறிப்போச்சுங்க!" என்றாள் உள்ளேயிருந்து.

"பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி சொன்னா அப்படித்தான். நிதானமா சொல்லு."

இரண்டாவது தாளுக்கு நானும் வெளியே நின்று கூடவே சொன்னேன். பிறகு சத்தமே இல்லை. மணி நாலரை தாண்டிவிட்டது.

"என்னடி ஆச்சு?"

"இருங்க. முகம் வருது." கொஞ்ச நேரம் கழித்து, "காது ரெண்டும் தெரியுது."

"காது கிடக்கட்டும். இமை முடி தனித்தனியா தெரியுதா?"

"தெரியுது. அழுதிருக்காங்க, கண்ணு வீங்கியிருக்கு. ஈர இமை ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கறதுகூடத் தெரியுது."

கதவின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன். அவள் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. திறந்து ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும். பாய்க்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் கொடுத்த வாக்கைக் கேட்டது பாய் மட்டும் இல்லையே, முருகனும்தானே.

ஈரம் சரியாகக் காயாமலே வெட்டி, அவளே கவரில் போட்டு ஒட்டினாள். மொபெட்டில் அவளையும் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது, பாய் பக்கத்தில் நிற்க, ஏஜென்ட் ஒரு காலைப் பஸ் படியில் வைத்திருந்தார். கவரைப் பிரித்து, படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது போதும் பாய். சுத்தமா இருக்கு."

பஸ் போன பிறகு ஃபிலிமையும் பாய் கையில் கொடுத்தேன். மங்கலாக விழுந்தது, வெளிறிப்போன தாள், எல்லாம் அதோடு இருந்தது. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"நீங்க பார்க்கலையே?"

"இல்லைங்க பாய்."

அவர் இன்னும் என்னையே பார்த்தார். என் சட்டை முழுக்க வேர்வையில் ஒட்டியிருந்தது.

"பார்த்திருந்தா இவருக்கு ஏன் பாய் இவ்வளவு வேர்க்கப்போவுது?" என்றாள் என் மனைவி.

பாய் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுல சொல்லிட்டு வந்துடறேன். காத்துக்கிட்டிருக்கும் அந்தப் புள்ளை" என்று வேகமாக நடந்தார்.