டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிய காசு

ஒரு நாள் காலையில் கல்முனை பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ்ஸை ஆட்கள் சூழ்ந்துகொண்டு புறப்பட விடவில்லை. எல்லார் கையிலும் நான் கொடுத்த டிக்கெட்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பொத்துவில் போகும் தனியார் பஸ்ஸில் நான் கொண்டக்டர். சில்லறைக்குப் பெரிய தட்டுப்பாடு. அதனால் கொடுக்க வேண்டிய மிச்சத்தை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அடுத்த முறை ஏறும்போது கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம்.

போகப் போக அந்த டிக்கெட்டுகள் என்னிடம் திரும்பி வருவது குறைந்தது. ஸ்டாண்டுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த கரீம் காக்கா அவற்றைக் காசாகவே வாங்கத் தொடங்கியிருந்தார். வழியில் கோமாரி என்ற ஊரில் ஒருவர் என் கையெழுத்தைக் கொடுத்து இளநீர் குடித்ததை பஸ்ஸில் இருந்தபடி நானே பார்த்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போதுதான் நான் சவூதிக்குப் போகப்போகிறேன் என்று யாரோ கதை கட்டிவிட்டார்கள்.

“தம்பி, பறக்கிறதுக்கு முந்தி எண்ட ஐம்பது சதத்தத் தந்திட்டுப் போங்க,” என்றார் முன்னால் நின்ற ஒரு ராத்தா, என் அக்கா வயதிருக்கும்.

“பாஸ்போட்டே இல்ல ராத்தா. எங்க பறக்கிற?”

“போற ஆக்களெல்லாம் இப்பிடித்தான் சொல்ற.”

எழுதிக் கொடுத்த மிச்சமெல்லாம் என்னிடம் பத்திரமாக இருந்தது, ஆனால் ரூபாய்த் தாள்களாக. ஆளுக்கு ஐம்பது சதம் கொடுக்க வழியில்லை. பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். எங்கள் முறை தவறினால் முதலாளி அன்றே என்னை நிறுத்திவிடுவார். எனக்கு வேர்த்தது.

கரீம் காக்கா கடை வாசலுக்கு வந்து சத்தம் வைத்தார். “அந்தத் துண்டெல்லாம் எண்ட கடையில செல்லும். இண்டைக்கும் செல்லும், நாளைக்கும் செல்லும். வாங்க.”

பாதிப் பேர் கடைக்குப் போனார்கள். செல்லும் என்று கேட்டதே போதுமென்று மற்றவர்கள் டிக்கெட்டை மடித்து வைத்துக்கொண்டார்கள். பஸ் புறப்பட்டது.

பின்னேரம் காக்கா ஒரு கட்டு டிக்கெட்டோடு வந்தார். தனித்தனியாகச் சதக் கணக்கு. கூட்டிப் பார்த்தால் ரூபாய்க் கணக்கு. தாளாகவே கொடுத்துவிட்டேன். சில்லறையாகக் கொடுக்க வேண்டிய பத்துச் சதம் மட்டும் மிஞ்சியது.

“அதையும் எழுதித் தாங்க,” என்றார்.

“எனக்காக இவ்வளவு செஞ்சீங்களே, காக்கா.”

“ஒங்களுக்காகவா? வந்த ஆக்கள் தேத்தண்ணியோட நிண்டாங்களா? பத்து மணிக்குள்ள வடை முடிஞ்சிது.”

அடுத்தவர் வாங்கிக்கொள்வார் என்று நம்பும் வரைக்கும்தான் காசு காசாக இருக்கிறது. பெரிய வங்கிகளின் கதையும் இதுதான் என்று பிற்காலத்தில் அறிந்தேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றே: பையில் சில்லறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதை முகத்தில் காட்டாதீர்கள்.