துறையூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒரு லேத் மெஷினோடு

காலை ஏழரை மணி. துறையூரில் மூடிக் கிடந்த ஒரு பட்டறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நாங்கள் கிளம்பவிருந்த வண்டி, பத்தொன்பது வருடம் ஓடித் தேய்ந்த ஒரு பிக்கப். அதன் முதுகில் ஏறவிருந்தது ஒரு லேத் மெஷின். இரும்பைச் சுழலவிட்டுச் சீவி உருவாக்கும் கடைசல் இயந்திரம். எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல் என்றார்கள். ஸ்ரீரங்கம் வரை தூரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வாடகை நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

மெஷினை வாங்கியவள் கலைச்செல்வி. திருச்சியில் என்னோடு பள்ளியில் படித்தவள். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் பல வருடம் லேத் ஓட்டினாள். முதலாளி பட்டறையை மூடியதும் வேறிடத்தில் வேலை தேடாமல், சொந்தமாகவே ஒரு மெஷின் போடுவதென்று முடிவு செய்துவிட்டாள். நான் சென்னையில் பள்ளி ஆசிரியை. கோடை விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்தேன். "நீ பஸ்ஸுல போயிடு, வண்டியில இடுப்பு ஒடிஞ்சிடும்" என்று அவள் சொன்னாள். இவ்வளவு கனத்தை எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்று பார்க்கும் ஆசையில் நான் கேட்கவில்லை.

ஏற்றுவதைப் பார்ப்பதே ஒரு காட்சிதான். மூன்று இரும்புக் குழாய்களை முக்காலி போல நிறுத்தி, உச்சியில் சங்கிலிக் கப்பியை மாட்டினார்கள். சங்கிலியை இழுக்க இழுக்க மெஷின் விரல்கடை விரல்கடையாக எழும்பியது. ஓர் ஆள் ஒரு கையால் சங்கிலி இழுத்தபடியே மறுகையால் டீ குடித்தார். மெஷின் போதுமான உயரம் வந்ததும் வண்டியைப் பின்னால் நகர்த்தி அதன் அடியில் கொண்டுவந்து நிறுத்தினார் ஜாபர் பாய்.

வண்டி அவருடையது, வீடு திருச்சி பாலக்கரையில். ஐம்பது வயதிருக்கும். காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காய மூட்டை அடிப்பதுதான் தினசரிப் பிழைப்பு. வண்டியைப் பற்றிப் பேசினால் அவருக்கு நேரம் போவது தெரியாது. இரண்டு முறை எஞ்சின் பிரித்தது, துபாயிலிருந்து வந்த மச்சான் புது வண்டி வாங்கச் சொல்லியும் மறுத்தது எல்லாவற்றையும் நான் கேட்காமலே சொன்னார்.

லேத்தில் மோட்டாரும் பல்சக்கரங்களும் இருக்கும் தலைப்பக்கம்தான் அதிகக் கனம். அதை வண்டியின் பின்பக்கம் வரும்படி வைக்கச் சொன்னாள் கலைச்செல்வி. ஸ்ரீரங்கத்தில் அவள் பிடித்திருந்த ஷெட் குறுகலானது. தலைப்பக்கம் முதலில் இறங்கினால்தான் உள்ளே திருப்ப முடியும் என்பது அவள் கணக்கு. பாய் பின்சக்கரத்தை ஒருமுறை பார்த்தார், தலையாட்டினார். கயிறு கட்டி, "பிஸ்மில்லா" சொல்லி வண்டியை எடுத்தார்.

முன்சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். வேகம் முப்பதைத் தாண்டவில்லை. அந்த வேகத்தில் ஊர்கள் நிதானமாக வந்தன. கரும்பு வயல், செங்கல் சூளை, ஒரு கல்யாண வீட்டு வாழைமரம், எங்களை முந்திக்கொண்டு போன டவுன்பஸ். பஸ்ஸில் போயிருந்தால் இதில் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். புலிவலத்தில் டீ குடித்தோம்; ஒரு டீ பன்னிரண்டு ரூபாய். நானும் கலைச்செல்வியும் பழைய வகுப்புக் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். பாய் மட்டும் பேச்சைக் குறைத்துவிட்டிருந்தார். ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

திருவெள்ளறைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேகத்தடை வந்தது. முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. பின்சக்கரங்கள் ஏறி இறங்கியபோது மெஷின் ஒருமுறை முனகியது. வண்டியின் மூக்கு மேலே எழும்பியது. சாலை இடப்பக்கம் வளைந்தது. பாய் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தார். வண்டி திரும்பவில்லை. நேராகவே போயிற்று. எதிரே ஒரு மொபெட்டில் கணவனும் மனைவியும், நடுவில் ஒரு புல்லுக்கட்டும். பாய் பிரேக்கை மிதித்ததும் மூக்கு தாழ்ந்து, சக்கரம் தரையைப் பிடித்து, வண்டி ஒரு வெட்டு வெட்டி ஓரமாக நின்றது. மொபெட்டில் இருந்தவர்கள் எங்களைத் திட்டக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே போனார்கள்.



"ஸ்டீயரிங் லேசா இருக்குங்க. புலிவலத்துக்கு முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு" என்றார் பாய்.

லேசாக இருந்தால் நல்லதுதானே என்று நான் கேட்டேன்.

"இல்லைங்க மேடம். பின்னாடி கனம் அழுத்துது, முன்சக்கரம் தூக்குது. ரோட்டைப் பிடிச்சாத்தானே திரும்பும்?"

கலைச்செல்வியின் முகம் சிவந்துவிட்டது. "ஏத்தும்போதே சொல்லியிருக்கலாமே பாய்?"

"நீங்க மெஷின் தெரிஞ்சவங்க, உறுதியா சொன்னீங்க. நம்ம வண்டி எதையும் இழுத்துரும்னு எனக்கும் ஒரு மெதப்பு இருந்துச்சும்மா" என்றார் அவர். கைகள் இன்னும் ஸ்டீயரிங்கை விடவில்லை.

அவள் இறங்கிப் போய் மெஷினைச் சுற்றி வந்தாள். அப்படியே ஓட்டிக்கொண்டு போக முடியாது. இங்கே கிரேன் வரவழைத்தால் பாதி நாள் போய்விடும். முன்பக்கம், கேபினை ஒட்டி, ஒன்றரை அடி இடம் காலியாக இருந்தது. மெஷினை அதுவரை நகர்த்தலாம் என்றார் பாய். அது மட்டும் போதாது, பின்பக்கக் கனத்தையும் குறைக்க வேண்டும் என்றாள் அவள். மோட்டாரையும், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக் என்ற வட்டப் பகுதியையும் கழற்றினால் குறையும். ஆனால் மெஷினை ஓட்டிப் பார்த்து, ஒரு மயிரிழை பிசகில்லை என்று திருப்திப்பட்ட பிறகுதான் அவள் வாங்கியிருந்தாள். பிரித்தால் மறுபடி அந்த நேர்த்தி வருமா என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் மோட்டார்மேல் கை வைத்தபடி நின்றாள்.

"வெச்சது நான்தான். பிரிச்சிடுவோம்" என்றாள்.

எதிரே பஞ்சர் கடை வைத்திருந்தவர் ஜாக்கியும் இரண்டு கடப்பாரையும் குழாய்த் துண்டுகளும் எடுத்துவந்தார். வேப்பமர நிழலில் கலைச்செல்வி ஸ்பேனரைப் பிடித்தாள். கழன்ற போல்ட்டுகளை என் துப்பட்டாவில் வாங்கிக்கொண்டேன். பிறகு மெஷினை ஜாக்கியில் தூக்கி, அடியில் குழாய்களைச் செருகி, கடப்பாரையால் நெம்பினார்கள். அது நகரவே இல்லை. பிறகு திடீரென ஒரேயடியாக உருண்டது. பாய் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். மெஷின் முன்பலகையில் போய் இடித்து நின்றது. பலகையில் ஒரு விரிசல், வேறு சேதமில்லை. கட்டைகளை அடைகொடுத்துக் கயிற்றை இறுக்கினார்கள். மோட்டார் கேபினுக்குப் பின்னால், மெஷினுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தது. சக், என் காலடியில். பஞ்சர் கடைக்காரர் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இம்முறை திருவெள்ளறைப் பாறைமேல் கோயில் கண்ணில் பட்ட வளைவில் பாய் வேண்டுமென்றே மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். வண்டி சொன்னபடி கேட்டது. மண்ணச்சநல்லூர் வருவதற்குள் மச்சானின் கதை மறுபடி ஆரம்பமாகிவிட்டது.

நம்பர் ஒன் டோல்கேட்டில் சமயபுரத்துக்கு நடந்துபோகும் கூட்டம், சாலை முழுக்க மஞ்சள் துணி. அவர்கள் வடக்கே, நாங்கள் தெற்கே. வேப்பிலைக் குடம் ஏந்திய ஓர் அம்மா எங்கள் சுமையை நிமிர்ந்து பார்த்து, "என்ன சாமி இது?" என்று கேட்டார். "லேத்து" என்றார் பாய். அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தார். வேகத்தடையில் வண்டி நின்றதற்குப் பிறகு கலைச்செல்வி முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

கொள்ளிடப் பாலம் கடந்து ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்று. அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஷெட். அதன் உரிமையாளர், நெற்றியில் திருமண் துலங்கும் பெரியவர், வாசலில் காத்திருந்தார். "இத்தனை பெரிசா இருக்குமின்னு நீ சொல்லவே இல்லையேம்மா" என்றார். பிறகு, "ஆகட்டும், ரங்கநாதன் கிருபையில க்ஷேமமா இறங்கட்டும்" என்று தயங்காமல் இரண்டு பக்கக் கதவையும் கீல் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார். கதவு போனதும் வாசல் அகன்றது. தலைப்பக்கம் எந்தப் பக்கம் இருந்தாலும் மெஷின் உள்ளே திரும்பியிருக்கும். அதை நாங்கள் மூவரும் ஒரே சமயத்தில் புரிந்துகொண்டோம்.

மோட்டாரைப் பொருத்தி நேராக்க அவளுக்கு நான்கைந்து நாள் பிடித்தது. முதலில் மெஷின் அதிர்ந்தது. அடியில் தகடு வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். நான் ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் ஓர் இரும்புத் தண்டை மாட்டிச் சுழலவிட்டாள். உளி தொட்டதும் இரும்பு சுருள்சுருளாகப் பிரிந்து நீலம் பாய்ந்து விழுந்தது. நிறுத்தி அளந்து பார்த்தாள். "சரியா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

சென்னையில் நான் குடியிருப்பது நான்காவது மாடி. ஃபிரிட்ஜ், பீரோ, கட்டில் எல்லாம் இந்த வீட்டுக்கு எப்படியோ வந்து சேர்ந்தவை. பணம் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டேன், கதவைச் சாத்தினேன். திரும்பி வந்த வாரமே கீழ்வீட்டுக்குச் சாமான் ஏற்றி ஒரு வண்டி வந்தது. பீரோவைக் கேபின் பக்கமாகச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். அடுப்பை அணைத்துவிட்டுப் படியிறங்கிப் போய், கடைசிப் பெட்டி இறங்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தேன்.