சீனித்துளசிக்கு நான் சாட்சி

சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது எனக்கு வியாதியைவிடக் காப்பிதான் பெரிய கவலையாக இருந்தது. சர்க்கரை போடாத காப்பியைக் குடித்துவிட்டு ஒருநாள் அழுதேவிட்டேன். ஐம்பது வயதில் காப்பிக்காக அழுகிறவளை வேறு யாராவது என்றால் கேலி செய்திருப்பார்கள். என் கணவர் மறுவாரமே எங்கிருந்தோ சீனித்துளசி நாற்று வாங்கி வந்து, நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தக்காளிக்கு ஒதுக்கிய பாத்தியில் நட்டார்.

இலை இனிக்கத்தான் செய்தது. குடித்து முடித்த பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். நன்றாயிருக்கிறது என்றேன். சர்க்கரைக்குப் பதிலாக வந்த இலையை அவர் மெல்ல மெல்ல மருந்தாக்கிவிட்டார். இலை இருக்கும்போது மாத்திரை எதற்கு, கிட்னியைக் கெடுக்கும் என்று தினமும் அதே பாட்டு. சண்டை போடத் தெம்பில்லாமல், நிறுத்திவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாத்திரை அட்டை துவரம்பருப்பு டப்பாவுக்குள் போயிற்று.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் சொன்னார், ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மூலிகைக்குக் காசு வாங்கினால் பலிக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவர் ஒருவரிடமும் காசு வாங்கியதில்லை. பேராசைக்காரர் என்று திட்டக்கூட எனக்கு வழியில்லை. வருகிறவர்கள் செடியைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்க்க வேண்டும் என்பார்கள். நான் காப்பி டம்ளரோடு போய் நிற்பேன். பெண் பார்க்க வந்த காலத்தில்கூட நான் அத்தனை தடவை நின்றதில்லை. உண்மையைச் சொன்னால் அவர் முகம் என்னாகும் என்று ஒரு பயம். கேட்டுப் போகிறவர்கள் மாத்திரையை விட்டுவிடுவார்களோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அரூரிலிருந்து ஒரு பெண் இரண்டாம் முறையாக வந்தாள். என் வயதுதான். மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் ஆயிற்றாம். கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. செருப்புக் கடித்த புண், ஆறவே இல்லை என்றாள். அவள் குறை சொல்ல வரவில்லை. இலை போதவில்லையோ என்று கேட்கத்தான் வந்திருந்தாள். என் கணவர் உடனே கூடையைக் கையில் எடுத்தார்.

"இன்னும் நாலு எலை சேத்துப் போடுங்க, ஆறிப்போயிடும்" என்றார்.

அந்தத் துணியில் மஞ்சளாக ஊறியிருந்தது. அதைப் பார்த்த பிறகும் டம்ளரோடு நிற்க என்னால் முடியவில்லை.

"நான் ஒரு நாளும் மாத்திரைய நிறுத்துலைங்க. எலை வெறும் இனிப்புதான். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."

அவள் என் கணவரைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அப்ப இவரு சொன்னது பொய்யிங்களா?"

"அவருக்குத் தெரியாதுங்க. பொய் சொன்னது நான்."

ஆஸ்பத்திரிக்கு நானே கூடப் போனேன். நல்லவேளை, விரலை எடுக்க வேண்டி வரவில்லை. புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அவள் அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. செடிகளையும் பிடுங்கவில்லை, என் காப்பியில் இலை விழுவதும் நிற்கவில்லை. மாத்திரையை மட்டும் இப்போது அவரே வைத்துக்கொள்கிறார். காலையும் மாலையும் எடுத்து நீட்டுகிறார். விழுங்கிவிட்டேன் என்று சொன்னால் போதவில்லை, வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள், நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறேன்.